காட்டைப் பராமரிக்கும் முறையும் அதன் பலாபலன்களும்

கிராமக் கூட்டங்களில் காட்டைப் பற்றிப் பேச்சு எழும்போது பெரும்பாலும் இருவித அபிப்பிராயங்களே கேட்கப்படுகின்றன. மனிதனும் மாடும் உள்ளே நுழையாதபடி தடுத்துவிட்டால் காடு தானே செழிக்கும் என்பது ஒன்று. காலியாகக் கிடக்கும் நிலத்திலெல்லாம் மரத்தை நட்டுவிட்டால் அதுவே காடாகிவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் இவற்றை மட்டும் நம்பி நடந்த இடங்களில் காடு நலிந்ததையும், காட்டை அண்டியிருந்த ஜனங்கள் ஜீவனத்தை இழந்ததையும் காண்கிறோம். எதை வெட்டுகிறோம், எதை நடுகிறோம், நெருப்பை எவ்விதம் கையாளுகிறோம், எதைச் சேகரிக்கிறோம் என்னும் ஒவ்வொரு ஏற்பாடும் நாளைக்கு அங்கே எந்த மரம் நிற்கும், எந்த மிருகம் மேயும், ஓடையில் எவ்வளவு ஜலம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நமக்குச் சமீபமான மலைகளிலிருந்தே சில திருஷ்டாந்தங்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே ஜாதி மரத்தினால் விளைவது

சென்னை ராஜதானியில் வன இலாகா 1856-ம் வருஷத்தில் ஏற்பட்டது. வைத்தியராகிய கிளெக்ஹார்ன் துரை அதன் முதல் கன்சர்வேட்டராக இருந்தார். கப்பல் கட்டவும், ரயில் பாதைக்குக் கட்டை போடவும், எஞ்சினுக்கு விறகு கொடுக்கவும் மரம் மிகுதியாகத் தேவைப்பட்ட காலம் அது. 1882-ம் வருஷத்தில் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. மரம் தீர்ந்துபோகாமல் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாடுகளில் இருந்தது மெய்யே. ஆனால் காடு என்றால் விலை பெறும் மரம் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது.

அதற்கு முன்னரே, 1840-களில், மலபார் ஜில்லாக் கலெக்டராயிருந்த கானலி துரையின் ஏற்பாட்டில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைக்கப்பட்டது. அவ்வேலையைச் சாத்து மேனன் என்பவர் மேற்பார்வை செய்தார். உயர்ந்த தேக்கு மரங்கள் அதனால் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே வயதுள்ள ஒரே ஜாதி மரங்கள் பரந்த நிலத்தில் வரிசையாக நிற்கும்போது ஒரு கஷ்டம் நேர்கிறது. தேக்கின் இலையைத் தின்னும் புழு ஒன்று உண்டு. பல ஜாதி மரங்கள் கலந்த காட்டில் அப்புழுவுக்கு ஆகாரம் அங்கொன்று இங்கொன்றாகவே கிடைக்கும். அதைத் தின்னும் பறவைகளும் குளவிகளும் அருகிலேயே இருக்கும். தேக்குத் தோட்டத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் அதற்கு விருந்தாக இருக்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் புதுத் தளிர் விட்டதும் புழு பெருகி, தோப்பு முழுவதையும் மொட்டையாக்கிவிடுகிறது. மரம் பெரும்பாலும் சாவதில்லை; ஆனால் அவ்வருஷத்து வளர்ச்சியில் பெரும்பங்கு நஷ்டமாகிறது. ஒரே பயிரை ஓயாமல் வைக்கும் விவசாயி இந்த நியாயத்தைத் தன் வயலிலேயே கண்டிருப்பான்.

புல்வெளியும் ஜலமும்

நீலகிரியின் உயர்ந்த பாகங்களில் பள்ளத்தாக்குகளில் சோலைகளும், மேடுகளில் புல்வெளிகளும் இயற்கையாகவே கலந்து கிடந்தன. புல்வெளியைக் கண்டவர்கள் பலர், மரம் அழிந்து பாழான நிலம் என்று அதை எண்ணினார்கள். மலைச் சதுப்பு நிலங்களின் மண்ணைப் பரிசோதித்து 1993-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, அங்கே இருபதினாயிரம் வருஷங்களுக்கு முன்பே புல் இருந்தது என்று காட்டியது. ஆகவே அது பாழ்நிலமன்று. தொன்மையான ஒருவகைக் காட்டுநிலமேயாம்.

இதை அறியாமல், 19-ம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே உதகமண்டலத்துக்கு விறகு வேண்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரங்களும் தைல மரங்களும் அங்கே பயிராக்கப்பட்டன. தோல் பதனிடப் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு நூலுக்குக் கூழ் மரத்துக்காகவும், 1950-க்குப் பிறகு இத்தோட்டங்கள் மிகவும் விஸ்தரிக்கப்பட்டன. சீகை மரத்தின் விதை மண்ணில் நெடுங்காலம் கெடாமல் கிடந்து முளைக்கும் சக்தியுடையது. நட்ட எல்லையைத் தாண்டி அது தானே பரவிற்று. பழனி மலையில் மட்டும் 1973 முதல் 2014 வரையுள்ள காலத்தில் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று ஆகாயப் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள்.

புல் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முதலாவதாக, தமிழ்நாட்டின் ராஜ்ய மிருகமாகிய வரையாடு புல்லையும் செங்குத்தான பாறையையும் நம்பியே வாழ்வது. அடர்ந்த தோப்புக்குள் அது வாழாது. 2024-ம் வருஷத்தில் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே காணப்பட்டன. இரண்டாவதாக, மலைப் புல் மழைநீரைப் பிடித்து மண்ணில் இறக்கி, கோடையிலும் ஊற்றாகச் சிறிது சிறிதாக விடுகிறது. தைல மரமோ ஆழமாக வேர்விட்டு வருஷம் முழுவதும் ஜலத்தை இழுக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கனுக்கருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றொன்றில் ஒரு பாகத்தில் தைல மரம் வைத்துப் பல வருஷங்கள் அளந்து பார்த்தார்கள். முதல் பத்து வருஷங்களில் மரம் வைத்த இடத்திலிருந்து வந்த ஜலம் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி துளிர்க்க விட்ட அடுத்த பத்து வருஷங்களில் சுமார் கால் பங்கு குறைந்தது. நீலகிரி ஓடைகள் பவானியிலும் மோயாற்றிலும் சேர்ந்து பவானிசாகரை அடைகின்றன. கோபிசெட்டிபாளையத்தில் நெல் நடுகிறவனுக்கு மலைமேல் உள்ள புல்லைப் பற்றி என்ன கவலை என்று கேட்போருக்கு இதுவே பதிலாகும்.

இதனால் அயல் மரங்களையெல்லாம் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்து வருகின்றன. அங்கே திடீரென்று வெட்டினால் கன்றுகள் வெயிலில் வாடும், சீகை விதையும் ஏராளமாக முளைக்கும். புல்வெளிக்குள் புதிதாகப் புகும் இளஞ் செடிகளைப் பிடுங்குவதே முதல் காரியம். இடத்துக்கு ஏற்ற சிகிச்சை என்பது வைத்தியத்துக்குப் போலவே வனத்துக்கும் பொருந்தும்.

நெருப்பின் விஷயம்

நெருப்பைப் பற்றியும் ஒரே விதி எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. சோலைக்குள் நெருப்பு புகுந்தால் அது முழு நாசமே. இலையுதிர் காடுகளின் நிலைமை வேறு. முதுமலையில் 1988-ம் வருஷத்தில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, கைவிரல் பருமனுள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தார் தொடர்ந்து கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். நெருப்பு அடிக்கடி வந்த காலங்களில் பெருமரங்கள் பெரும்பாலும் தடித்த பட்டையால் பிழைத்தன. சிறு கன்றுகள் பெருவாரியாக மாண்டன. வருஷந்தோறும் நெருப்பு வந்தால் பழைய மரம் இருக்கும்; அதன் வாரிசு இராது. வெளிப்பார்வைக்குக் காடு நன்றாகவே தோன்றும். மனிதரில்லாத வீட்டில் கிழவர் மட்டும் இருப்பதைப் போன்றது அந்நிலை.

மாறாக, நெருப்பை முற்றிலும் நிறுத்தியதனால் மட்டும் கேடு நீங்கிவிடவில்லை. கர்நாடக ராஜ்யத்தில், நம் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் வாழ்கிறார்கள். முன்காலத்தில் அவர்கள் கோடையின் தொடக்கத்தில், சருகு குறைவாகவும் புல் சிறிது ஈரமாகவும் இருக்கும்போதே, தரையோடு ஓடும் சிறு நெருப்பை இடுவது வழக்கம். அது உயரமாக எழாது, பெருமரத்தைத் தொடாது. 1974-ம் வருஷத்தில் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்ட பின் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. நெருப்பு நின்றதால்தான் உண்ணிச்செடி பெருகிற்று என்று சோளகர் சொல்கிறார்கள். ஆராய்ச்சியாளர் சிலரும் இதனைக் கருதத்தக்க காரணமாகவே கொண்டிருக்கின்றனர். 1997-லும் 2008-லும் அதே இடங்களை அளந்து பார்த்ததில், உண்ணிச்செடி பரவியிருந்த இடம் பதினோரு வருஷங்களில் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து, அழகுக்காக, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று எங்கும் விதைக்கின்றன. அதன் அடியில் புல் வளராது. இலையை மாடு தின்றால் ஈரல் கெடும். புல் அற்றுப்போனால் மானும் காட்டெருமையும் யானையும் தீனி தேடி வயலுக்கு வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து வருவன வேறு. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 40 சதவிகிதத்துக்கு மேல் இச்செடியின் தொல்லைக்கு உட்பட்டிருப்பதாக 2020-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இச்செடி புதராக மண்டிய பிறகு நெருப்பு வைப்பதும் பயனற்றது. புதர் உயரமாக இருப்பதால் நெருப்பு மரக்கிளை வரை ஏறுகிறது. செடியோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. ஆகவே முற்காலத்துச் சிறு நெருப்பு இன்று அப்படியே மருந்தாகாது. இக்காரணத்தாலும், அனுமதியின்றிக் காட்டில் நெருப்பிடுவது சட்டப்படி குற்றமாதலாலும், வாசகர்கள் யாரும் தாமாக இதைப் பரீக்ஷித்துப் பார்க்கலாகாது.

சேகரிப்பும் சங்கமும்

கூட்டுறவு ஊழியர்களுக்கு மிகவும் அவசியமான பாகம் இதுவே. பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் சேகரித்த நெல்லிக்காய், தேன், சீயக்காய், பாசி முதலியவற்றை லேம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பழங்குடியினர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கி விற்று வந்தன. பல குடும்பங்களுக்கு வருஷத்தில் கையில் காசு காணும் வழி அதுவே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002-ம் வருஷத்தில் திருத்தப்பட்டதன் விளைவாக, சரணாலயத்திலிருந்து விற்பனைக்காகச் சேகரிப்பது அடுத்த சில வருஷங்களுக்குள் தடுக்கப்பட்டது. பழத்தைப் பறிப்பதால் நெல்லி மரம் அருகுகிறது என்ற எண்ணம் அத்தடைக்குப் பின்னால் இருந்தது.

மரங்களைத் தொடர்ந்து அளந்துவந்த ஆராய்ச்சியாளர் 2012-ம் வருஷத்தில் வெளியிட்ட முடிவு வேறு. நெல்லி குறைவதற்குப் பழம் பறிப்பது பெரிய காரணமல்ல. உண்ணிச்செடியும் புல்லுருவியுமே முக்கியமான காரணங்கள். புல்லுருவி பிடித்த மரம் குறைவாகக் காய்க்கிறது, விரைவில் பட்டும்போகிறது. பழம் பறிக்க மரமேறுகிற சோளகரே புல்லுருவிக் கிளையை வெட்டி எறியக் கூடியவர். அவரை வெளியேற்றியதால் மரத்துக்கு வைத்தியனும் இல்லாமற் போனான். சங்கத்துக்கு வியாபாரமும் இல்லாமற் போயிற்று. நிற்க, சேகரிப்பில் தீங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காய்க்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பதும், தேனடையில் புழுவுள்ள பாகத்தையும் சேர்த்து அறுப்பதும் நிச்சயமாகக் கெடுதலே. எவ்விதம் பறிக்கிறார்கள் என்பதே கேள்வி.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. சிறுவன விளைபொருள்களின் மேல் உடைமை உரிமையையும், தங்கள் காட்டைப் பாதுகாத்துப் பராமரிக்கும் அதிகாரத்தையும் அது காட்டுவாசிகளுக்கும் அவர்களுடைய கிராம சபைகளுக்கும் அளிக்கிறது. சேகரித்தவர்கள் தனியாகவோ, தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ விற்கலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. 2011-ம் வருஷத்தில் பிளிகிரிரங்கன் மலையின் சோளகர் குடியிருப்புகளுக்கு இச்சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. அது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அதே வருஷத்தில்தான். புலியும் சோளகரும் ஒரே காட்டில் சட்டப்படி இருக்கலாம் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. ஆனால் உரிமைப் பத்திரம் மட்டும் நெல்லி மரத்தின் புல்லுருவியை வெட்டாது. அதைச் செய்விக்க வேண்டியவை கிராம சபையும் சங்கமுமே.

பட்ட மரமும் செத்த மாடும்

வயதான, பொந்து விழுந்த மரம் உபயோகமற்றது என்று வெட்டப்படுவது வழக்கம். இருவாச்சிப் பறவை அத்தகைய பெருமரப் பொந்தில்தான் கூடு கட்டுகிறது. பெட்டை உள்ளே சென்று வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு துவாரத்தின் வழியாகப் பழம் ஊட்டுகிறது. அந்தப் பறவை விழுங்கி எச்சமிடும் விதைகளிலிருந்தே காட்டின் பல மரங்கள் தூரத்தில் முளைக்கின்றன. பொந்து மரம் போனால் பறவை போம். பறவை போனால் பல மரங்களின் சந்ததி குறையும்.

காட்டுக்கு வெளியே செய்வதும் காட்டைப் பாதிக்கும். மாட்டின் வீக்கத்துக்கும் வலிக்கும் கொடுத்துவந்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. இந்தியாவில் கழுகுகள் பெரும்பாலும் அழிந்ததற்கு இதுவே முக்கிய காரணம் என்று தெரியவந்து, 2006-ம் வருஷத்தில் கால்நடைக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. கீட்டோபுரோபன், அசெக்ளோபினாக் என்னும் மருந்துகளும் 2023-ல் தடுக்கப்பட்டன. தென்னிந்தியாவில் எஞ்சிய கழுகுகளுக்கு மோயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமான புகலிடம். அங்கே கழுகு பிழைப்பது மசினகுடியிலும் தெங்குமரஹாடாவிலும் உள்ள மாட்டுக்காரர்கள் எந்த ஊசியைப் போடுவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. மெலாக்சிகாம் என்னும் மருந்து கழுகுக்குத் தீங்கற்றதெனக் கண்டிருக்கிறார்கள்.

கிராமத்தார் செய்யத் தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து, காட்டை அடுத்த கிராமங்களின் சபைகளும் சங்கங்களும் அனுசரிக்கத்தக்க சில காரியங்கள் பெறப்படுகின்றன.

1. உண்ணிச்செடியை வெறுமனே தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர்த்தூரைத் தரைக்கு இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விடவேண்டும். காய்க்கும் முன்பே செய்வது நலம். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் பின் வருஷங்களிலும் கன்றுகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நாட்டுப் புல் விதைக்க வேண்டும். வெறுமையாக விட்டால் அச்செடியே திரும்பி வரும். காப்புக் காட்டில் இவ்வேலை வன இலாகாவின் அனுமதியுடன் நடைபெற வேண்டும். அயல் செடிகளை நீக்குவதற்காகத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ம் வருஷத்தில் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறார்கள்.

2. எடுத்த செடியின் தண்டு வீணல்ல. அதை வேகவைத்து வளைத்து நாற்காலிகளும், யானை உருவங்களும் செய்து மலைவாழ் மக்கள் விற்று வருகிறார்கள். சங்கங்கள் இதற்கு முன்பணமும் விற்பனை வசதியும் செய்து கொடுக்கலாம்.

3. சேகரிப்பவர்கள் மகாசபை கூடி விதி வகுத்துக்கொள்ள வேண்டும்: கிளை முறிக்காமல் பறிப்பது, ஒவ்வொரு மரத்திலும் விதைக்கும் பறவைக்கும் ஒரு பங்கு விடுவது, புல்லுருவி கண்டவிடத்தில் வெட்டுவது, பழுக்குமுன் பறியாதிருப்பது. முந்திப் பறிப்பவனுக்கே லாபம் என்ற நிலை இருக்கும்வரை யாரும் பழுக்கக் காத்திரான். சங்கம் கொள்முதல் தேதியை முன்னதாக அறிவித்து, அதற்கு முன் வந்த சரக்கை வாங்க மறுத்தால் அப்போட்டி தானே அடங்கும்.

4. எடை, விலை, சேகரித்த இடம் ஆகியவற்றைச் சங்கக் கணக்கில் வருஷந்தோறும் பதிந்து வந்தால், பத்து வருஷங்களில் அதுவே காட்டின் நாடி பார்க்கும் ஏடாகிவிடும். ஓரிடத்தில் விளைச்சல் தொடர்ந்து குறைந்தால் அவ்விடத்துக்கு ஓய்வு கொடுக்கலாம்.

5. மேய்ச்சல் விஷயத்தில், 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டார் எல்லா வனங்களிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமாகக் குறைத்தார்கள். பர்கூர் போன்ற மலைகளில் மாடு வளர்ப்போர் இதனால் அடையும் சிரமம் பெரிது. கிராமப் பொது நிலத்தில் தீவனப் புல் வளர்த்தலும், பால் சங்கத்தின் மூலம் தீவனம் கொடுத்தலும் அச்சிரமத்தைச் சிறிது குறைக்கும். மாட்டுக்கு மருந்து வாங்கும்போது தடுக்கப்பட்டவற்றைக் கேட்டு விலக்க வேண்டும்.

6. ஆற்றங்கரையிலும் கோயில் காட்டிலும் உள்ள பொந்து மரங்களை வெட்டாதிருக்கப் பஞ்சாயத்தில் தீர்மானம் செய்வது செலவில்லாத காரியம்.

இவற்றில் எதுவும் ஒரு வருஷத்தில் பலன் காட்டாது. மரத்தின் ஆயுள் மனிதனின் ஆயுளைவிட நீண்டது. உத்தியோகஸ்தர் மாறுவார், திட்டத்தின் பெயர் மாறும், கிராமம் மட்டும் அங்கேயே இருக்கும். ஆகையால் காட்டின் பராமரிப்பை இலாகாவிடம் மட்டும் விடுவதும் போதாது, இலாகாவை விலக்கிவிடுவதும் போதாது. காட்டை நாள்தோறும் கண்ணால் பார்ப்பவர், அதை அளந்து அறிந்தவர், சட்டத்தை நடத்துபவர் ஆகிய மூவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் இடங்களிலேயே பராமரிப்பு நிலைபெறும். கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபை அத்தகைய கூட்டத்துக்கு மிகவும் ஏற்ற இடம். வரும் சேகரிப்புப் பருவத்துக்கு முன்பாகவே, காட்டோரச் சங்கங்களின் பிரசிடெண்டுகள் இவ்விஷயத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்த்து விவாதிப்பார்களாக.